பெற்றது யார் என்று கேளுங்கள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் என் தங்கை மெய்யம்மை. "கண்ணாடியப் பாக்காதடி, ரோட்டப் பாரு! ஒன் மூஞ்சி எங்குட்டும் போயிராது!" என்று பின்சீட்டிலிருந்து அவள் போடும் சத்தத்துக்கு எதிரே வரும் ஆட்டோ தானாக ஒதுங்கும். ஐம்பது வயதில் முதல்முறை ஹேண்டில்பாரைப் பிடிக்க வந்தவர்களைக்கூட திட்டித் திட்டியே லைசென்ஸ் வாங்க வைத்திருக்கிறாள். திட்டு வாங்கியவர்கள்தான் அடுத்தவர்களையும் அவளிடம் அனுப்புகிறார்கள்.

நாங்கள் நால்வர். மூத்தவள் உமையாள், அடுத்து நான், பிறகு காசி, கடைசி மெய்யம்மை. அக்காளை எங்கள் பக்கம் 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவோம். நான் வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறேன். அங்கிருந்தபடி எல்லாருடைய உடம்புக்கும் பயப்படுவது என் வேலை. கோபப்படுவது மெய்யம்மையின் வேலை.

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, நாற்பத்தைந்து வயதில் குடல் புற்றுநோயில் போனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் உமையாள் கர்ப்பப்பைப் புற்றுநோயில் போனாள். சென்ற தை மாதம் காசிக்குக் குடலில் கட்டி. வயது நாற்பத்தொன்று. உமையாளைப் பார்த்த அதே காரைக்குடி ஆஸ்பத்திரியில்தான் அவனுக்கும் ஆபரேஷன் நடந்தது. அவள் கீழ்மாடி, இவன் மேல்மாடி.

கட்டியை எடுத்துவிட்டார்கள், வெற்றி என்றார்கள். மெய்யம்மை கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனபோது காசியின் மனைவி சந்தோஷமாக ஒன்று சொன்னாள்.

"பயப்பட ஒண்ணுமில்லையாம் மெய்யம்மை. பரம்பரையா வாரது இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாக. எங்க மக தீக்ஷாவுக்கு ஒண்ணும் வராதாம்."

"பரம்பரை இல்லையா? எந்தப் பரம்பரை?"

நடந்தது இதுதான். சர்ஜன் காசியிடம் கேட்டிருக்கிறார். அப்பா? எண்பத்தாறு வயதில் தூக்கத்தில் போனார். அம்மா? இதோ கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறார். கூடப்பிறந்தவர்கள்? ஒரே பிள்ளை. 'குடும்பத்தில் இல்லை' என்று எழுதிவிட்டு சர்ஜன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

காசி பொய் சொல்லவில்லை. ஆறு வயதில் இராமு வீட்டார் அவனைப் பிள்ளை கூட்டிக்கொண்டு போனார்கள், அதாவது தத்து எடுத்தார்கள். ஒரே கோவில் பங்காளிகள், பிள்ளையில்லாத வீடு. ஊரைக் கூட்டி, அவனுக்கு மஞ்சள் நீர் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த ஒரு வாய் நீரோடு அப்பச்சி வேறு, ஆத்தா வேறு. எங்கள் ஆத்தாளை அன்றிலிருந்து அவன் 'சின்னாத்தா' என்றுதான் கூப்பிட்டான். வளர்த்த அழகம்மை ஆச்சி அவனைத் தரையில் விடாமல் வளர்த்தார். அவர் எதிரில் பெற்ற வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை என்பது மட்டும் எழுதாத சட்டம்.

வீட்டுக்கு வீடு பிள்ளை கூட்டிய ஊர் இது. இங்கே ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு அது தெரியாதா? தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். நாற்பத்தொரு வயதுக்காரனுக்குக் குடலில் கட்டி வந்தால், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று அவன் சத்தியமே செய்தாலும் பரம்பரையா என்று சோதிக்க வேண்டும். இதைப் பெர்த்தில் என்னுடைய சாதாரண குடும்ப டாக்டர், நான் கதையைச் சொல்லி முடிக்குமுன்பே சொன்னார். "குடல், கர்ப்பப்பை, இரண்டிலும் வரும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. முதலில் உன் தம்பியின் கட்டியைச் சோதிக்கச் சொல். அதில் தெரிந்தால் மற்றவர்களைச் சோதிப்பது எளிது. உனக்கு இன்னொரு சகோதரி இருக்கிறாளா? அவள் எப்படி இருக்கிறாள்?"

அவள் எப்படி இருந்தாள் என்றால், மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்காமல் இருந்தாள். அதே கீழ்மாடியில் காட்டியிருக்கிறாள். "வயசாகுதில்லம்மா, இப்படித்தான் இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முப்பத்தொன்பது வயது. அக்காளை அங்கேதான் பறிகொடுத்தாள் என்பது யாருக்கும் நினைவில்லை.

நான் அடுத்த விமானத்தைப் பிடித்தேன்.

தையல் பார்க்க வரச்சொன்ன நாளில் காசியோடு நாங்களும் போனோம். அழகம்மை ஆச்சியும் கூடவே வந்தார். சர்ஜன் அறையில் நாற்காலிகள் போதவில்லை.

"இத்தனை பேரு எதுக்கு? இவங்க யாரு?" என்றார் சர்ஜன்.

"தங்கச்சி" என்றாள் மெய்யம்மை.

"ஒரே பிள்ளைன்னு சொன்னாரே?"

காசி ஆச்சியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "பங்காளி வீட்டுத் தங்கச்சி டாக்டர்" என்றான்.

மெய்யம்மையின் முகம் சிவந்தது. "ஏண்ணே, என்ன சொன்னீக? பங்காளி வீடா? ஒரே வயித்துல கெடந்தமே, அதுவும் பங்காளி வீட்டு வயிறா? உமையா ஆச்சி செத்தப்ப கொல்லையில போயி ஒளிஞ்சு அழுதீகளே, அதுவும் பங்காளிக்குத்தானா? எனக்கு இங்க ரத்தமா போயிட்டிருக்கு. நீங்க மரியாதை பாத்துக்கிட்டிருக்கீக!"

"மெய்யா, மெதுவா" என்றேன்.

"மெதுவாப் பேசித்தான் உமையா ஆச்சியச் சுடுகாட்டுக்கு அனுப்புனோம்."

அப்போது அழகம்மை ஆச்சி கையிலிருந்த பையை மேசைமேல் பொத்தென்று வைத்தார். முப்பத்தைந்து வருடமாக இந்தப் பேச்சை ஒருவரையும் எடுக்க விடாதவர். ஆச்சி எங்களைப் பார்த்துத்தான் சீறப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சர்ஜனைப் பார்த்தார்.

"ஏம்ப்பா டாக்டரு, நீ என்ன கேட்ட? ஒங்க அப்பா யாரு, அம்மா யாருன்னு கேட்ட. அவன் சரியாத்தான் சொன்னான். பெத்தவுக யாருன்னு கேட்டியா?"

"அம்மா, அது…"

"அவன் எம் பிள்ளை. அதுல மாத்தமில்ல. பெத்தது அந்த வீட்ல. அந்த வீட்ல அப்பனும் இதுலதான் போனாரு, அக்காவும் இதுலதான் போனா. அது ஒனக்கு வேணும்னா நீதான் கேக்கணும். கேக்காமலே 'இல்லை'ன்னு எழுதிக்கிட்டா எப்புடி?"

சர்ஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க யாரும் சொல்லலையே" என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் ஆறவில்லை. உமையாளிடமும் கேட்டார்கள். "வீட்ல யாருக்காச்சும் கர்ப்பப்பையில கட்டி வந்திருக்கா?" இல்லை என்றாள். அப்பனுக்கு ஏது கர்ப்பப்பை? குடலில் யாருக்கும் உண்டா என்று கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அன்றே எங்கள் எல்லாரையும் சோதிக்க அனுப்பியிருந்தால், காசிக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்திருப்பார்கள். கட்டியாக வளரும்வரை விட்டிருக்க மாட்டார்கள். நோயாளி சொல்லவில்லையாம்!

"சரி, இப்ப சொல்லிட்டோம்ல" என்றாள் மெய்யம்மை. "எழுதுங்க."

"மதுரையில பரம்பரை டெஸ்ட் எடுக்க எழுதித் தரேன். காசியோட கட்டித் துண்டு லேப்ல இருக்கு, அதையும் அனுப்பச் சொல்றேன்."

"எனக்கு?"

"நீங்க என் பேஷண்ட் இல்லையேம்மா. உங்களுக்குக் கீழ லேடி டாக்டர்தான் எழுதணும்."

"அவுக வயசாகுதுன்னுட்டாக."

"அதுல நான் தலையிட முடியாது."

மெய்யம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப நான் இங்கனயே இருக்கேன். வெளிய முப்பது பேரு நிக்கிறாக. ஒவ்வொருத்தரா உள்ள விடுங்க, எல்லாருக்கும் இந்தக் கதையச் சொல்றேன். இல்லைன்னா அந்தா போன் இருக்கு. கீழ அடிச்சு, மேல அண்ணனுக்குக் குடல்ல வந்திருக்கு, இங்க தங்கச்சிக்கு உதிரம் போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே கட்டடந்தானே? படி ஏறி எறங்க வேண்டாம்."

கதவருகே நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சர்ஜன் போனை எடுத்தார்.

மதுரையில் காசிக்கு அந்தக் கோளாறு இருப்பது உறுதியானது. எனக்கு இல்லை. மெய்யம்மைக்கு இருந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோயின் ஆரம்பமும் இருந்தது. வெளியே பரவுமுன் எடுத்துவிட்டார்கள்.

படுத்திருக்கச் சொன்ன நாட்கள் முடிந்ததும் அவள் மறுபடி அந்த சர்ஜனிடம் போனாள். ஸ்கூட்டரில் போகக் கூடாது என்று நான் கெஞ்சியதால் ஆட்டோவில். நானும் துணைக்குப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் முகம் மலர்ந்தது.

"நல்லவேளைம்மா, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டோம்."

"கண்டுபிடிச்சோமா? யாரு, நீங்களா?" என்றாள். "இருக்கட்டும். உமையா ஆச்சி மக நித்யஸ்ரீ காளையார்கோவில்ல இருக்கா. இருபத்து மூணு வயசு. அவளைச் சோதிக்கக் கூப்பிடணும். நான் சொன்னா, சின்னாத்தா எப்பவும் போலக் கத்துறாகன்னு நெனச்சுக்குவா. அவ ஆத்தாளுக்கு வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரி நீங்க. நீங்க கூப்பிடுங்க."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"நித்யஸ்ரீங்களாம்மா? காரைக்குடி ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். உங்க அம்மா இங்கதான் வைத்தியம் பாத்தாங்க… பயப்படாதீங்க, ஒரு டெஸ்ட் மட்டும்… ஆமாம்மா. உங்க அம்மாவுக்கு வந்தப்பவே உங்களுக்குச் சொல்லியிருக்கணும்."

பேச்சை நிறுத்தி மெய்யம்மையைப் பார்த்தார். அவள் கண் எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க சொல்லலை" என்றார் போனில்.