நாற்பத்தைந்துக்கு எழுநூறு கிராம் குறைவு

“அறுபத்து மூணு, செருப்போட சேர்த்து” என்றார் தராசக்கா, வாசலில் வந்து நின்றவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. வந்தவர் காய்கறிக் கடைக்காரர். பழுதான தராசைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு கணம் விழித்தார். பிறகு ரோஷம் வந்து, தராசைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் இருந்த ஆள் எடை மெஷினில் ஏறினார். அறுபத்து மூன்றரை காட்டியது. “பார்த்தீங்களா, தப்பு!” என்று அவர் குதித்தார். தராசக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பையில போனும் சாவிக்கொத்தும் இருக்கு. எடுத்து வெச்சிட்டு ஏறுங்க.” எடுத்து வைத்துவிட்டு ஏறினார். அறுபத்து மூன்று. அதற்குப் பிறகுதான் தன் தராசுக்கு என்ன நோய் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது.

இந்தக் கூத்து நாளுக்குப் பத்து முறையாவது நடக்கும். அவருடைய தராசு ரிப்பேர் கடைக்கும் என்னுடைய ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருக்கிறது. அங்கே இருமினால் இங்கே கேட்கும். அதனால் இந்த ஊரில் யார் எத்தனை கிலோ என்பது எனக்கும் மனப்பாடம். சொல்லிவிட்டால் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள் என்பதால் அடக்கி வாசிக்கிறேன்.

தராசக்கா ஆள் குள்ளம். காற்றடித்தால் கடை ஷட்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. வீட்டுக்காரருடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கண்ணாடி மூக்குக்கு இறங்கி நான் பார்த்ததே இல்லை. சுற்றிலும் நகைக்கடைத் தராசு, பார்சல் தராசு, பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்கும் தராசு என்று எல்லாம் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். வேலை செய்யும்போது அவற்றோடு பேசுவது வழக்கம். “ஏன்டா பொய் சொல்றே? யாரு கத்துக்குடுத்தாங்க உனக்கு?” என்று அவர் அதட்டும்போது, முதல் முறை வருகிற வாடிக்கையாளர்கள் தங்களைத்தான் சொல்கிறாரோ என்று நெளிவார்கள். சிலர் நெளிவதற்குக் காரணமும் இருக்கும். “அக்கா, ஒரு இருபது கிராம் மட்டும் தூக்கி வெச்சுக் குடுங்களேன்” என்று குழைந்தவரின் தராசை அப்படியே மூடி அவர் கையில் கொடுத்துவிடுவார். அந்த ஆள் அடுத்த மாதம் வந்து நல்லபடியாகக் கேட்டால் வேலையைச் செய்து கொடுப்பார்.

ஊரின் எடையெல்லாம் அறிந்தவருக்குத் தன் எடையோடுதான் தகராறு. நாற்பத்து நான்கு கிலோ முந்நூறு கிராம். ரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் நாற்பத்தைந்து இருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக முகாம் முகாமாகப் போய் மெஷினில் ஏறுகிறார், இறங்குகிறார், திரும்பி வருகிறார்.

காரணத்தை ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார். மகளுக்கு ஆறு வயதில் வயிற்றில் ஒரு ஆபரேஷன். நான்கு பை ரத்தம் வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரருக்கு மஞ்சள்காமாலை வந்து தேறியிருந்த சமயம், அவரிடம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இவர் ஓடிப் போய் மெஷினில் ஏறினார். நாற்பத்தொன்று. “இறங்குங்கம்மா” என்றார்கள். “பெத்தவங்க ரெண்டு பேரும் மரம் மாதிரி நின்னோம் சார். எங்கிருந்தோ நாலு பேர் வந்தாங்க. படுத்தாங்க, குடுத்தாங்க, பிஸ்கட்டைத் தின்னுட்டுப் போயிட்டாங்க. மூஞ்சியக்கூட நான் சரியாப் பார்க்கல.”

அதிலிருந்து அவருக்கு ஒரு விசித்திரமான வியாதி. யாரிடமும் முழுசாகச் சண்டை போட வராது. தராசு சரியாகவில்லை என்று ஒருவர் வந்து காட்டுக் கத்தல் கத்துவார். தவறு அந்த ஆளின் மேல்தான் இருக்கும். தராசக்கா எழுந்து நிற்பார், மூச்சை இழுப்பார், இன்று ரெண்டில் ஒன்று பார்த்துவிடப் போகிறார் என்று நான் ஜெராக்ஸை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். சட்டென்று சுருதி இறங்கிவிடும். “சரி, குடுங்க, பார்த்து வெக்கறேன்.” ஆள் போனதும் என்னிடம் சொல்வார்: “யாரு கண்டா, அந்த நாலு பேர்ல இந்த ஆளும் ஒருத்தனா இருந்துட்டா?” எனக்குத்தான் ஏமாற்றமாக இருக்கும்.

எடை ஏற்ற அவர் செய்யாத வித்தை இல்லை. வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் அடுப்பு பார்க்கிறவர், தொண்ணூற்றாறு கிலோ. தினமும் சூடாக நான்கு பன், ஒரு கட்டி வெண்ணெய் கொண்டுவந்து மனைவி தின்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குச் சர்க்கரை, தொடக்கூடாது. “இவ தின்னுட்டுத் தின்னுட்டு ஒட்டடைக்குச்சியாவே இருக்கா, நான் வாசனை பிடிச்சே ஊதறேன்” என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். வாழைப்பழம், முட்டை, வேர்க்கடலை எல்லாம் ஒரு சுற்று வந்தாயிற்று. ஒரு முறை நாற்பத்து நான்கு எழுநூறு வரை போய்விட்டது. மறுநாள் தும்மலும் சளியும் வந்து பழைய இடத்துக்கே இறக்கிவிட்டன. பாவம், வீட்டுக்காரர் அப்போது மனசு தாளாமல் ஒரு யோசனை சொன்னார். “ஏம்மா, நம்ம கடை எடைக்கல்லு ஒண்ணை இடுப்புல சொருகிக்கிட்டு ஏறேன். யாரு பார்க்கப் போறா?” தராசக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “என்னங்க, பன் ஆறிப்போச்சு” என்று சமாதானமானார்.

மகள் தேறி வளர்ந்து, இப்போது மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வயது பதினெட்டு முடிந்த வாரமே போய் ரத்தம் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு கிலோ, ஒரு கேள்வியும் இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்குப் பெருமை பாதி, பொறாமை பாதி.

“வலிக்குதாடி?”

“இல்லம்மா.”

“அப்போ இன்னும் கொஞ்சம் குடு.”

நர்ஸ் சிரித்ததில் பை ஆடிவிட்டதாம். இதை மகளே வந்து சொன்னாள். “அவ குடுத்தாச்சே, இன்னும் என்னக்கா?” என்று நான் கேட்டபோது தராசக்கா கையிலிருந்த ஸ்குருவை இறுக்கி முடித்தார். “அவ குடுத்தது அவளோடது சார். நான் ஒரே ஒரு தடவை படுத்து எழுந்திரிச்சிட்டா, எனக்கு நிம்மதி” என்றார். வேடிக்கை இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தான் கொடுக்க முடியாத குறைக்கு ஆள் பிடிப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தெருக்கோடி நூலகத்தின் மாடியில் முகாம். பத்து நாள் முன்பிருந்தே கடைக்கு வருகிறவர்களைக் கண்ணாலேயே நிறுத்து, தேறுகிறவர்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வார். அவருடைய உடும்புப் பிடிக்குத் தப்பியவன் நான் ஒருவன்தான். ஒரு முகாமுக்குப் பல்வலி, ஒன்றுக்கு மைத்துனர் வருகை, ஒன்றுக்குக் காகிதம் வந்து இறங்கும் நாள். ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும் என்பதை ஆண்பிள்ளையாகப் பிறந்துவிட்டு எப்படிச் சொல்வது? போன மாத முகாமன்று அவர் நேராகவே கேட்டுவிட்டார்: “எழுபத்தெட்டு கிலோ சார் உங்களுக்கு. இத்தனையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?” ஷட்டரை இறக்கிவிட்டு அவர் பின்னால் போனேன்.

கிளம்பும்போது தராசக்கா வழக்கம்போல் தன் மெஷினில் ஏறிப் பார்த்தார். இரண்டு டீ, மூன்று வாழைப்பழம், வீட்டுக்காரரின் பன்கள் எல்லாம் உள்ளே போன பிறகும் நாற்பத்து நான்கு முந்நூறுதான். “போய் ஏறித்தான் பார்ப்போமே” என்றார். முகாமில் இந்த முறை வேறு மெஷின். பழைய எலெக்ட்ரானிக் மெஷின் உயிரை விட்டுவிட்டதால் யார் வீட்டிலிருந்தோ முள் வைத்த வட்ட மெஷின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். நர்ஸுக்கு அவரை நன்றாகத் தெரியும். “வந்துட்டீங்களா, ஏறுங்க ஏறுங்க” என்றவர் குனிந்து பார்த்தார். இன்னும் ஒரு முறை குனிந்து பார்த்தார். “அக்கா! நாற்பத்தஞ்சு தாண்டிடுச்சு!”

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் பிடித்து வந்த ஆறு பேரில் ஒருவர் விசிலே அடித்தார். தராசக்கா சிரிக்கவில்லை, பேசவுமில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து நான் ஏறினேன். எண்பதை நெருங்கியது. விரலில் ஒரு குத்து, கையில் பட்டி கட்டிப் பிரஷர், இரண்டு பேருக்கும் எல்லாம் சரி. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். எனக்கு ஊசி ஏறிவிட்டது. அம்மா என்று கத்தியது நான்தான். ஆனால் நினைத்த அளவுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு நர்ஸ் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு, நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பஞ்சு எடுக்க நகர்ந்தார்.

அப்போது ஒல்லியாக ஒரு கல்லூரிப் பெண் மெஷினில் ஏறினாள். “சரியா நாற்பத்தஞ்சு. போம்மா” என்றது எடை பார்த்தவரின் குரல். தராசக்கா தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

“என்னக்கா, பயமா?” என்றேன், ஊசி குத்திக்கொண்டு முடித்த வீரனின் குரலில்.

“அந்தப் பொண்ணு நாற்பத்தி நாலு கூட இல்ல சார்.”

“மெஷின் காட்டுதே?”

“அது ஒரு கிலோ இருநூறு கூடக் காட்டுது. காலியா இருக்கும்போதே முள்ளு பூஜ்யத்தைத் தாண்டித்தான் நிக்குது.”

“எப்போ பார்த்தீங்க?”

“ஏறும்போதே” என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “எனக்குத்தானே, ஒரு தடவைதானேன்னு பேசாம இருந்துட்டேன். அந்தச் சின்ன உடம்புல இவ்வளவு எடுத்தா, படியிறங்கும்போது மயங்கி விழுந்துடுவா.”

நான் ஏதாவது சொல்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த கட்டில். அந்தக் கட்டிலில் நான் இருந்திருந்தால் கண்ணை மூடியபடியேதான் கிடந்திருப்பேன். பஞ்சோடு வந்த நர்ஸ் பதறிப்போய், “எங்கக்கா இறங்கறீங்க? உங்களுக்குத்தான் எடுக்கப் போறோம்” என்றார். “எனக்கு வேண்டாம்மா. அந்த மெஷினைக் கொஞ்சம் கவுத்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே தராசக்கா செருப்பைக்கூடப் போடாமல் நடந்தார்.

முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா எழுந்து வந்து என்ன ஏது என்று கேட்பதற்குள் மெஷின் மல்லாந்துவிட்டது. கைப்பையிலிருந்து வந்த ஸ்குரு டிரைவர் அதன் அடிவயிற்றில் எதையோ தேடித் திருகியது. “தப்பா எடை காட்டினா நீங்கதானே டாக்டர் பதில் சொல்லணும்?” என்ற ஒரே கேள்வியில் டாக்டரம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். சரிபார்க்க எடைக்கல் இல்லை. மூலையில் இருந்த தண்ணீர் பாட்டில் கட்டுகள் இரண்டை இழுத்து மேலே வைத்தார்கள். “இருபத்து நாலு லிட்டர், இருபத்து நாலு கிலோ. காலி பாட்டிலுக்கு ஒரு அறுநூறு கிராம் சேர்த்துக்குங்க.” முள் அங்கேயே போய் நின்றது. காலையிலிருந்து எழுதிய எடைப் பட்டியலை டாக்டரம்மா புரட்டினார். மற்றவர்கள் எல்லாம் கனத்த ஆட்கள், ஒன்றிரண்டு கிலோவில் ஒன்றும் கெட்டுப்போகாது. எனக்கும் ஒரு கிலோ சொச்சம் குறைந்தது. அந்த நேரத்திலும் அது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

கல்லூரிப் பெண்ணை மறுபடி ஏற்றினார்கள். நாற்பத்து மூன்றே முக்கால். அவள் முகம் தொங்கிவிட்டது. “ரெண்டு மாசமா முட்டையா தின்னு ஏத்தினேன்க்கா” என்றாள். “தெரியும்மா. வெண்ணெய் போட்டுப் பார்த்தியா?” என்று தராசக்கா அவள் கன்னத்தைத் தட்டி, ரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்து அவள் கையில் திணித்தார்.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. “நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்க்கா” என்று மெல்லச் சொன்னார். தராசக்கா ஏறினார். முள் ஆடி, நாற்பத்து நான்கைச் சற்றே தாண்டி நின்றது. நர்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று திருப்பிப் பார்த்தார். தராசக்கா மட்டும் நன்றாகக் குனிந்து, வாடிக்கையாளரின் தராசைப் பார்க்கிற மாதிரி முள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“இப்போ சரியாக் காட்டுது” என்றார்.

இறங்கினார். வரிசையைப் பார்த்து, “அடுத்தது யாரு? செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க” என்று குரல் கொடுத்தபடியே, தோள் வரை சுருட்டியிருந்த சட்டைக் கையை மடிப்பு மடிப்பாக இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.