ஒரு சகோதரர் கொடுத்த பன்னிரண்டு பெஞ்சுகள்

எங்கள் அக்கா அவர்கள் கர்த்தரிடத்தில் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிற உறவினருக்கும், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், சாலாக் செலாத்தான், டெங்கில் ஆகிய இடங்களில் உள்ள நம் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம்.

மலர்க் கமிட்டியார் என்னிடம் இரண்டு பக்கத்துக்குள் எழுதும்படி சொன்னார்கள். என் அக்காவை இரண்டு பக்கத்தில் அடக்க முடியாது என்றேன். "அப்படியானால் உங்களைப் பற்றிக் குறைத்து எழுதுங்கள்" என்றார்கள். பார்க்கலாம். நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்தானால் தடுமாறுவேன், இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார். ஆனாலும் ஒற்றை வேட்டியோடு கிள்ளானில் கப்பலிறங்கி, பதினொரு மாட்டு வண்டிக்கும் பிறகு மூன்று லோரிக்கும் சொந்தக்காரன் ஆனவன். கோலாலம்பூரில் பழைய செங்கல் கட்டடம் எதைப் பார்த்தாலும் அதில் பாதிக் கல் என் வண்டி சுமந்த கல்லாக இருக்கும். இதைச் சொல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது யாருக்கும் விளங்காது. அதனால் சொன்னேன்.

அக்கா பிறந்தது தஞ்சாவூர் ஜில்லா, பொறையாறு பக்கம். அப்பா கிணறு வெட்டுகிறவர். அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். மிஷன் போர்டிங்கில் எங்கள் இருவரையும் சேர்த்தார்கள். அக்கா அங்கே எழுத்தும் ஞானப்பாட்டும் லேஸ் பின்னலும் படித்தார்கள். நான் சுவரேறிக் குதித்து ஓடப் படித்தேன். பதினாறு வயதில் மலாயாவுக்கு ஓடி வந்தேன். நான்கு வருஷம் கழித்து அக்காவும் கலியாணமாகி வந்தார்கள். அத்தான் செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். நல்ல மனுஷர். காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டார். கைக்குழந்தையோடு ஊருக்குப் போய்விடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, துரைசானிகளுக்கு லேஸ் பின்னிக்கொடுத்துப் பிழைத்தார்கள். என் உதவியை வேண்டாம் என்று சொல்லவுமில்லை, வாங்கிக்கொள்ளவுமில்லை. ஒரு மூட்டை அரிசி அனுப்பினால், சாயங்காலத்துக்குள் அது நான்கு வீட்டில் இருக்கும். இந்த விஷயத்தில் எனக்கு அக்கா மேல் இன்றைக்கும் கோபம்தான்.

ஜெர்மன் சண்டை வந்தபோது ஊரிலிருந்து நமக்குப் போதகர் ஐயர் வருவதும் கடிதம் வருவதும் நின்றுபோயின. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த லயத்து வீடுகளுக்குத் தெரியாது. அப்போதுதான் அக்கா சபைக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு கடிதம், கைப்பட ஐந்து பிரதி. யார் வந்தார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யாரை மண்ணில் வைத்தோம் என்று எழுதி, பிறகு கொஞ்சம் தேறுதல் வார்த்தை, கடைசியில் ஜெப வேண்டுதல். ரயில் கார்டு ஒருவர் கிள்ளான் பிரதியைக் கொண்டுபோவார். ஒவ்வோர் இடத்திலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படிக்கத் தெரிந்தவர் வாசிப்பார். எல்லாரும் முழங்கால் படியிட்டு வேண்டுதல்களுக்கு ஆமென் சொல்வோம். பெருவெள்ளத்தில் பிரிக்பீல்ட்ஸ் முழுகி, மாடுகளை ரயில் மேட்டில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த மாதத்தில்கூடக் கடிதம் வந்தது. ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றியபோது அக்கா எழுதியதை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: "வேலை போனவர்கள் தலை குனிந்து ஆலயத்துக்கு வராமல் இருந்துவிட வேண்டாம். வேலை உள்ளவருக்கு ஒரு பெஞ்சு, இல்லாதவருக்கு ஒரு பெஞ்சு என்று நாம் போடவில்லை."

அந்தப் பெஞ்சுகளைப் போட்டவன் நான்.

நமக்கு ஆலயம் கட்டின புதிதில் எல்லாரும் பாயில்தான் உட்கார்ந்தோம். நான் சாலாக் செலாத்தானில் ஒரு சீனத் தச்சரிடம் சொல்லி, பன்னிரண்டு பெஞ்சு செங்கால் மரத்தில் செய்து, என் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினேன். கரையான் அரிக்காது, நூறு வருஷம் நிற்கும். அந்த மாதக் கடிதம் வாசிக்கும்போது வேட்டியைச் சரி செய்துகொண்டு முன்னால் உட்கார்ந்தேன். உபதேசியார் வாசித்தார்: "ஒரு சகோதரர் ஆலயத்துக்குப் பன்னிரண்டு பெஞ்சுகள் கொடுத்தார்."

அவ்வளவுதான். அடுத்த வரி யாருக்கோ வயிற்றுப்போக்கு என்று போயிற்று.

ஆலய வாசலிலேயே அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சகோதரராம்! வயித்துப்போக்குக்காரன் பேரு முழுசா வருது, அப்பன் பேரோட வருது. எம் பேரு எங்கக்கா?"

"குடுத்தவங்க பேரு ஆண்டவருக்குத் தெரியும்டா. சீக்காளி பேருதான் நமக்குத் தெரியணும். போய்ப் பாக்கணும்ல?"

"பன்னெண்டு பெஞ்சு!"

"பன்னெண்டும் ஒசரம். நாலு விரக்கடை அறுத்துக் குடு. எனக்குக் கால் எட்டல."

உயரம்தான். தச்சர் அளவு கேட்டபோது என் முழங்காலைக் காட்டினேன். நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அக்கா என் தோளுக்கும் வரமாட்டார்கள். சபையில் பாதிப் பேருக்குக் கால் தொங்கியது. ஆனால் நான் கொடுத்த பெஞ்சை நானே அறுப்பதாவது? முடியாது என்றேன். அடுத்த ஞாயிறு அக்கா ஒரு செங்கல் கொண்டுவந்து, தன் இடத்தில் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள்.

நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஐயர் வருவார். இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் வாங்க மனமுள்ளவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே போய் அவரிடம் பேர் கொடுக்க வேண்டும். அவர் புஸ்தகத்தில் எழுதிக்கொள்வார். மனஸ்தாபம் எதுவும் இருந்தால் அங்கேயே கேட்பார். நான் அன்றைக்கு வாசலில் நின்று, எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "எம் பேரு சபைக் கடிதத்துல வராதுன்னா, ஐயர் புஸ்தகத்துலயும் வராது."

ஆறு வருஷம் வரவில்லை.

அந்த ஆறு வருஷமும் கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுதல் வந்துகொண்டே இருந்தது: "இராப்போஜனத்துக்குப் பேர் கொடுக்க மனமில்லாமல் இருக்கிற ஒரு சகோதரருக்காக." நானும் முழங்கால் படியிட்டேன். நானும் ஆமென் சொன்னேன். என் குரல் பெரிசு என்பது தெரிந்ததே. அது நானாக இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நான் பேர் கொடுக்காதது நியாயத்துக்காக, அந்த ஆள் கொடுக்காதது கல்மனசால், இரண்டும் எப்படி ஒன்றாகும்? செந்தூலில் கள்ளுக்கடைப் பக்கம் அடிக்கடி தென்படுகிற ஒருவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு நாள் வழிமறித்து அரைமணி நேரம் புத்தி சொன்னேன். "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் ஒரு தடவையும் தவறாமல் பேர் கொடுத்து வந்தவராம். பிரிக்பீல்ட்ஸ் சபையாரே, உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவராவது சொன்னீர்களா?

போன வருஷம் அக்காவுக்குக் காலில் வீக்கம் கண்டு, மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்கையில் சாய்ந்தபடியே கடிதம் எழுதினார்கள். கிள்ளானுக்குக் கொண்டுபோகிற ரயில் கார்டுக்கு வேலை போய்விட்டதால், அந்த மாதப் பிரதியை என்னையே கொண்டுபோகச் சொன்னார்கள். ஞாயிறு காலை லோரியில் போனேன். கிள்ளானில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவர் வீட்டில்தான் ஆராதனை. அவர்தான் வாசித்தார். கடைசியில் அதே வேண்டுதல்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"யாருய்யா அந்த ஆளு? ஆறு வருஷமா இந்த ஒருத்தனுக்காக முட்டி போட்டு முட்டி போட்டு எம் முட்டியே தேஞ்சுபோச்சு. எங்கக்கா படுத்த படுக்கையா கெடக்குது. இன்னும் அவனுக்கு மனசு எளகலியா? எந்த லயம்னு சொல்லுங்க. லோரியோட போயி அள்ளிப் போட்டுக்கிட்டு வரேன்."

ஓர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒரு பெரியவர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"எங்கயும் போக வேணாம் தம்பி. லோரி ஏற்கனவே அந்த ஆள ஏத்திக்கிட்டுத்தான் வந்திருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"அந்த ஆளு நீதாம்ப்பா."

டிரெஸ்ஸர் கடிதத்தை மடித்தார். நான் உட்காரவுமில்லை, நிற்கவுமில்லை. லோரியைக் கிளப்பி நேரே அக்கா வீட்டுக்கு வந்தேன். மத்தியான வெயில். அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. நேரா ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா?"

"மாசாமாசம் சொன்னேனேடா."

"அது ஊருக்குச் சொன்னது!"

"ஊருல நீ இல்லியா? ஆமென் சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"யாருன்னு தெரியாமத்தானே அவ்வளவு சத்தமாச் சொன்ன. தெரிஞ்சா சொல்லுவியா நீ?"

"பேரைப் போட்டுத் தொலைச்சிருக்கலாமே!"

"பெஞ்சுக்கே போடல. இதுக்கா போடுவேன்?"

சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகப் போயிற்று. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சனிக்கிழமை ஐயர் வர்றாரு. பேரு குடுத்துரு தம்பி. நான் கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்றார்கள்.

நான் என்ன சொன்னேன்? "பாப்போம்" என்றேன். ஆறு வருஷம் எல்லாருமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்ற ஆத்திரம் எனக்கு.

சனிக்கிழமை ஐயர் வந்தார். அக்காவால் ஆலயத்துக்கு வர முடியாததால், படுக்கையிலேயே இராப்போஜனம் கொடுக்க வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் என்னைப் பார்த்து நின்றார். "நீங்களும் உள்ள வர்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்காவின் மகனும் மருமகளும் என்னையே பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார்கள்.

"லோரிக்குத் தண்ணி ஊத்தணுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

லோரியில் தண்ணீர் நிறைய இருந்தது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். உள்ளே ஞானப்பாட்டு பாடினார்கள். அக்காவின் குரல் தனியாக ஒரு வரி கேட்டது, அடுத்த வரி கேட்கவில்லை. திங்கட்கிழமை விடிந்த பிறகு அக்கா கண் மூடினார்கள்.

மலாயாவில் நான் செய்யாத வேலை இல்லை, பார்க்காத கஷ்டமில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறவன் நான். பத்தடி தூரம் நடந்து ஓர் அறைக்குள் போக என்னால் முடியவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவரை நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். அக்காவின் இடத்துக்குக் கீழே அந்தச் செங்கல் அப்படியே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த நாளே அதே தச்சரைக் கூட்டிவந்து பன்னிரண்டு பெஞ்சுக்கும் நாலு விரற்கடை அறுக்கச் சொன்னேன். செங்கால் மரம் லேசில் அறுபடாது. இரண்டு வாளுக்குப் பல் போயிற்று. இப்போது எல்லாருக்கும் கால் தரையில் படுகிறது. எனக்குத்தான் உட்கார்ந்து எழுந்தால் முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

அதற்குப் பிறகு ஐயர் மூன்று முறை வந்து போனார். மூன்று சனிக்கிழமையும் ஆலயத்து வேலி வரைக்கும் போய்த் திரும்பினேன். "இப்பவாவது வந்தாரே" என்று நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான் காரணம். அக்கா கேட்டபோது செய்யாததை இனி யாருக்காகச் செய்வது என்றும் தோன்றியது. கடிதம் இப்போது அக்காவின் மருமகள் எழுதுகிறாள். அந்த வேண்டுதலை மட்டும் அவள் ஒரு மாதமும் விடவில்லை. அத்தையிடம் பழகியவள் அல்லவா!

பழைய கடிதங்களை வாங்கிவந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். அக்காவின் கையெழுத்து பழக எட்டு மாதம் ஆயிற்று. ஒன்று சொல்கிறேன். ஆறு வருஷத்தில் அந்த வேண்டுதலின் எழுத்து ஒரு தடவையும் சிறுத்துப்போகவில்லை. கடைசிக் கடிதத்தில் மற்ற வரியெல்லாம் கை நடுங்கிக் கோணலாக ஓடுகிறது. அந்த ஒரு வரி நேராக இருக்கிறது.

சனிக்கிழமை வரை காத்திருந்தால் நான் மறுபடி லோரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். ஆகையால், இந்தத் தடவை ஐயர் முன்னதாகவே வந்திருப்பது தெரிந்து, போன வாரமே அவர் தங்கியிருக்கிற வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் புஸ்தகத்தை எடுத்துப் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "பேர்?" என்றார்.

"என்னைத் தெரியாதாங்கய்யா?"

"நீங்க சொல்லணும்."

என் பேரை எத்தனையோ இடத்தில் சத்தமாகச் சொன்னவன் நான். அன்றைக்கு இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.

அக்காவின் மருமகள் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தாள். "மாமா, இந்த ஒரு தடவை உங்க பேரப் போட்டே கடிதத்துல எழுதிடட்டுமா? அத்தை கோச்சுக்க மாட்டாங்க."

"கோச்சுக்குவாங்க. போடாத" என்றேன்.

நன்றி சொல்ல வேண்டும். அக்காவை வந்து பார்த்த டாக்டருக்கு நன்றி. பெட்டியைத் தோளில் தூக்கி ரயில் பாதையைக் கடந்த செந்தூல் பட்டறைச் சகோதரர்களுக்கு நன்றி. கப்பலேறப் போகிற நிலைமையிலும் டெங்கிலிலிருந்து நடந்தே வந்து மண் போட்ட மூன்று குடும்பத்தாருக்கு நன்றி. உண்மையைச் சொன்ன கிள்ளான் பெரியவருக்கு நன்றி. செந்தூலில் நான் புத்தி சொன்ன சகோதரர் என்னை மன்னிக்க வேண்டும். ஆறு வருஷமும் இந்த ஒரு வருஷமும் சேர்த்து ஏழு வருஷம் எனக்காக முழங்கால் படியிட்ட பிரிக்பீல்ட்ஸ் சபையாருக்கும் நன்றி. என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு மட்டும் நன்றி இல்லை.

வருகிற ஞாயிறு கடிதம் வாசிக்கும்போது கடைசி வேண்டுதல் இருக்காது. அப்போது யாரும் திரும்பி என்னைப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சகோதரர்