எக்ஸ்டி கார்டில் இருந்த குரல்

திருகோணமலையில் உள்துறைமுகத்தை நோக்கி இறங்கும் தெருவில் என் கடை இருக்கிறது. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, கலியாண அல்பம் செய்வது, போட்டோப் பிரதி அடிப்பது என்று எல்லா வேலையும் உண்டு. ஆனால் பலர் என்னைத் தேடி வருவது வேறொரு காரியத்துக்காக. அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பழைய மெமரி கார்ட் ஏதாவது அகப்பட்டால், அதைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள்.

இன்றைக்குப் போனிலும் கமெராவிலும் போடுகிற கார்டுகள் ஏறக்குறைய ஒரே சாதி. முன்பு அப்படி இல்லை. கமெராக் கம்பனிகள் தங்கள் தங்களுக்கென்று கார்ட் செய்தன. ஒன்றுடையது மற்றதற்குள் போகாது. எனக்கு அவற்றைப் பார்த்தவுடனே தெரியும். சூயிங்கம் துண்டு போல நீளமாக இருந்தால் மெமரி ஸ்டிக். அதில் பாதி நீளம் என்றால் டுவோ. பழைய கருவிக்குள் போட அதற்கு ஓர் உறை வேண்டும். காகிதம் போல மெல்லியதாய், முகத்தில் பெரிய பொன்னிறச் சதுரத்தோடு இருந்தால் ஸ்மார்ட் மீடியா. பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாய், ஒரு பக்கம் வளைந்திருந்தால் எக்ஸ்டி. இவை ஒவ்வொன்றையும் வாசிக்கிற கருவியும், கமெராவும், வயரும் என் மேசையின் கீழ் லாச்சியில் இருக்கின்றன. எல்லாரும் வேண்டாம் என்று எறிகிற காலத்திலேயே சேர்த்து வைத்தவை. அவற்றை எறியச் சொல்லி என் கணவர் கேட்டுக் களைத்துவிட்டார்.

ஒரு நாள் முற்பகல் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இறக்கண்டியிலிருந்து பஸ் ஏறி வந்த முஸ்லிம் குடும்பத்தினர். கணவனுக்கு அறுபது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டியிருந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. மனைவிதான் பேசினார்.

"தங்கச்சி, இத ஒருக்காப் பாருங்க. வேற கடையில காட்டினம். சிப் செத்துப் பெய்த்து எண்டுட்டாங்க."

கையில் வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது எக்ஸ்டி, ராத்தா. சாதாரண கார்ட் போடுற ஓட்டையில போட்டிருப்பினம். அது வாசிக்காது. செத்துட்டுது எண்டு இப்பவே சொல்ல ஏலாது."

அவர் மனைவியின் கையைத் தட்டினார். மனைவி சொல்லத் தொடங்கினார். கணவர் வடக்கே புல்மோட்டைக்குப் போகும் கரையோர ரோட்டில் வருஷக்கணக்காகத் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். பஸ் நிலையத்தில் அவர் கூப்பிட்டால் மீன் சந்தை வரைக்கும் கேட்குமாம். பிறகு தொண்டையில் நோய் வந்தது. ஒப்பரேசன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பினார், குரல் போய்விட்டது. கழுத்துத் துணிக்குப் பின்னால் இருக்கும் துவாரத்தால்தான் இப்போது மூச்சு விடுகிறார். அவருடைய குரல் எங்கேயும் பதிவாகி இருக்கவில்லை. கட்டாரிலிருந்து ஒருமுறை லீவில் வந்த மனைவியின் தம்பி ஒரு சின்னக் கமெராவால் வீடியோ எடுத்தது மட்டும் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. கமெரா எப்போதோ பழுதாகிவிட்டது. கார்ட் மட்டும் ஒரு மருந்துப் போத்தலுக்குள் இருந்து அகப்பட்டிருக்கிறது.

"இப்ப ஏன் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் போனை எடுத்து வேகமாக எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தார். 'மகளுக்குக் கலியாணம். மருமகன் எங்கட வீட்டுக்கு வந்து இருக்கப்போறார். நான் ஆரம்பத்தில இருந்தே பேசாத மனுசன் எண்டு அவர் நினைக்கக் கூடாது.'

அவர்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒரே கூரையின் கீழ் வாழப்போகிற இளைஞனுக்குத் தன்னை முழுதாக அறிமுகப்படுத்த அவர் நினைத்தார். அதன் பிறகு கார்டை நான் கையில் எடுத்த விதமே மாறிவிட்டது என்று நினைக்கிறேன்.

எக்ஸ்டிக்கு ஓட்டை உள்ள பழைய கருவியைக் கணினியில் செருகி, கார்டைப் போட்டேன். கார்டைச் சுத்தமாக அழித்துப் புதிதாக்க வேண்டுமா என்று கணினி கேட்டது. மனைவி எட்டிப் பார்த்து, "ஓம் எண்டு குடுங்களன்" என்றார்.

"ஐயோ, ராத்தா! அதுக்கு ஓம் எண்டு குடுத்தா உள்ளுக்குக் கிடக்கிறதையும் இழந்துபோவம்."

வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கார்டை வெளியே எடுத்தேன். பின்பக்கத்தில் வரிசையாக இருக்கிற பொன்னிறத் தகடுகள் மங்கிக் கிடந்தன. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இது புதினமில்லை. மெல்லிய துணியில் ஸ்பிரிட் நனைத்து, அழுத்தாமல் துடைத்து, நன்றாகக் காய விட்டேன். மறுபடியும் போட்டேன். அதே கேள்விதான் வந்தது.

எனக்கு மனம் சோரவில்லை. கணினி அடையாளம் காணாத கார்டை அதற்கென்றே செய்த கமெரா அடையாளம் கண்டிருக்கிறது; பலமுறை பார்த்திருக்கிறேன். லாச்சியிலிருந்து எக்ஸ்டி கார்ட் போடுகிற ஒரு கமெராவை எடுத்தேன். அது எந்தக் கடையிலும் கிடைக்கிற பென்டோர்ச் பற்றறியில் வேலை செய்வது. அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. புது பற்றறி இரண்டு போட்டுக் கார்டைச் செருகினேன். திரை ஒளிர்ந்தது. முதல் படத்தில் கடற்கரை. அடுத்ததில் ஒரு பெருநாள் சாப்பாடு. மனைவி "இது எங்கட உம்மா!" என்று கத்திவிட்டார்.

படங்களைத் தாண்டிப் போனபோது வீடியோ வந்தது. பஸ்ஸின் மிதிபலகையில் இவர் நிற்கிறார், இப்போதிருக்கும் நரைத்த தாடி இல்லாமல், கறுத்த தலைமுடியோடு. வாய் அகலத் திறந்து ஏதோ கூப்பிடுகிறார். ஆனால் சத்தமே இல்லை.

மனைவி என்னைப் பார்த்தார். கணவர் திரையில் அசைகிற தன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கமெராவுக்கு ஸ்பீக்கர் இல்ல, நானா," என்றேன் அவரிடம். "பதிவில சத்தம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், சில கமெராக்கள் வீடியோவுக்குக் குரல் எடுக்கிறதில்ல. கொம்பியூட்டரில போட்டுப் பாப்பம்."

பொய்யான தைரியம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் தலையாட்டினார். அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

கமெராவை வயரால் கணினியோடு இணைத்தேன். முதலில் எதையும் திறக்காமல், கார்டில் இருந்த அத்தனையையும் அப்படியே பிரதி எடுத்தேன். அது என் வழக்கம். பழைய கார்டை நம்பி மறுபடி மறுபடி வாசிக்கக் கூடாது. பிறகு ஸ்பீக்கரைக் கூட்டிவிட்டு வீடியோவைத் திறந்தேன்.

முதலில் எஞ்சின் இரைந்தது. அடுத்த கணம் அந்தக் குரல் கடையை நிறைத்தது.

"நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டே...ய்! ஏறுங்க, ஏறுங்க! பின்னால இடம் கிடக்கு!"

உள்ளேயிருந்து ஒருவர், "எங்க கிடக்கு இடம்? மூச்சு விட ஏலாமக் கிடக்கு!" என்கிறார்.

"மூச்ச குச்சவெளியில விடலாம் காக்கா, இப்ப உள்ளுக்குப் போங்க!"

பஸ் முழுவதும் சிரிக்கிறது. கமெரா திரும்புகிறது. எஞ்சினுக்குப் பக்கத்து ஆசனத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு சிறுமி. "இவதான் எங்கட புதுக் கொண்டக்டர்," என்கிறது அதே குரல், இப்போது தணிவாக. "மகள், கம்பியப் புடிச்சுக்க." அத்தோடு முடிகிறது.

போட்டோப் பிரதி எடுக்க வந்து நின்ற இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கணவர் அழவில்லை. விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார், இன்னொரு தரம் போடச் சொல்லி. மறுபடியும் ஓட விட்டேன். தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பிறகு போனில் எழுதி மனைவியிடம் நீட்டினார். அழுதுகொண்டிருந்த மனைவி விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார்.

"தங்கச்சி, பாருங்க, இந்த மனுசன் எழுதியிருக்கிறத!"

'இறக்கண்டிய விட்டுட்டன்' என்று எழுதியிருந்தார்.

"சொந்த ஊரயே விட்டுப்போட்டு மத்த ஊரெல்லாம் கூப்பிட்டிருக்கிறீங்க!"

அவருடைய தோள்கள் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்பை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன்.

வீடியோவை இருவருடைய போனிலும் ஏற்றினேன். பென்டிரைவ் ஒன்றிலும் போட்டுக் கொடுத்தேன். இனி எந்தக் கருவியிலும் போட வேண்டாம் என்று சொல்லிக் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். போகும்போது கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள்.

போனேன். நான் நகரத்துக்குள்ளேயே, லிங்கநகரில் வளர்ந்தவள். வடக்கே போகும் பஸ்ஸில் அரிதாகத்தான் ஏறியிருக்கிறேன். பெண்கள் பக்கத்தில் எனக்குப் புரியாணி வைத்துத் தந்தார்கள். மணமகள் என் பக்கத்தில் வந்து குந்தி, வாப்பாவின் குரல் தன் ஞாபகத்தில் இருந்ததைவிடக் கனமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் குறைந்த பிறகு, மாப்பிள்ளையை முன் விறாந்தைக்குக் கூப்பிட்டார்கள். அவர் புல்மோட்டைப் பையன். மாமா முன்பு பஸ்ஸில் வேலை செய்தவர் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். மாமியார் போனை அவர் கையில் கொடுத்தார். குரல் எழுந்ததும் மாப்பிள்ளை நிமிர்ந்தார். வீடியோ முடியும் வரைக்கும் காத்திருக்கவில்லை.

"இந்தக் குரலா! மாமா, நீங்களா அது? குச்சவெளி டியூசனுக்குப் போக்குள்ள மிதிபலகையில தொங்கினதுக்கு என்னை இறக்கி விட்டு ஏசினது நீங்கதானே!"

விறாந்தை முழுவதும் சிரிப்பு. மாமா உடனே போனை வாங்கி எழுதினார். மாப்பிள்ளை அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்: 'உள்ளுக்கு ஏத்தித்தான் கொண்டு போனன். மறந்திட்டீங்களா?'

"ஓம் மாமா," என்றார் மாப்பிள்ளை. "பிறகு ஏத்தினதும் நீங்கதான்."

அவர் மருமகனின் தோளில் கையை வைத்தார். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

நான் புறப்பட்டபோது அவர் ரோட்டு வரைக்கும் கூட வந்தார். வடக்கேயிருந்து ஒரு பஸ் விரைந்து வந்தது. கையை ஒருமுறை உயர்த்தினார். சாரதி அவரைக் கண்டு பிரேக் பிடித்தார். உள்ளே நெரிசல். கூட்டத்தை நோக்கி அவர் உள்ளங்கையால் ஒரு சைகை காட்ட, வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள். நான் ஏறி நின்று கம்பியைப் பிடித்ததும், பழைய கொண்டக்டர் வழக்கப்படி பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் புறப்பட்டது.