சாவி குலுங்காத மனிசன்

வெக்கக்கேடு, எனக்கு மெதுவாக் கதைக்க வராது. பியர்பொன்ட்ஸ் போற பஸ்ஸில நான் போன் கதைச்சா என்ர கொலஸ்ட்ரோல் எவ்வளவெண்டு டிரைவருக்கும் தெரியும். அப்பிடியிருந்தும் நீலத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எப்பவும் எனக்குப் பக்கத்திலதான் வந்து இருப்பார். தன்ர சாவிக்கொத்தை ரப்பர் பாண்டால இறுக்கிச் சுத்தி வைச்சிருப்பார்.

"ஏன் ஐயா அப்பிடி?" எண்டு கேட்டன்.

"அப்பா பழக்கினது. பசிபிக் சண்டையில, படை இறங்க முன்னம் எதிரியின்ர தீவுக்குள்ள களவாப் போய் வேவு பார்த்தவர். சின்னச் சத்தம் கேட்டாலும் கூடப்போன எல்லாரும் செத்திருப்பினம். திரும்பி வந்த பிறகும் எங்கட வீட்டில ஒருத்தரும் சத்தமாச் சிரிக்க ஏலாது."

"அப்ப ஏன் என்னட்டை வந்து இருக்கிறியள்?"

"நீ கதைக்கிறது நல்லாயிருக்கு. நிப்பாட்டிப் போடாதை."

நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வீட்ட வந்து மனிசிக்குச் சொன்னன்.

"அந்தாளுக்கு இறங்க ஒரு ஸ்டொப் இருக்கு," எண்டாள். "நான் எங்க இறங்கிறது?"