வட்டப் பின் கீபோர்டு

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் பெரிய கடையில் எக்ஸ்சேஞ்ச் பிரிவு அவருடையது. பழையதைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் புதியதை எடுத்துப் போகும்படி ஊரையே நம்பவைப்பதுதான் வேலை. "இன்னுமா சார் இத வச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்கிற தோரணையில், நன்றாக ஓடும் ஃப்ரிட்ஜின் சொந்தக்காரருக்குக்கூட ஏதோ தப்புப் பண்ணிவிட்ட முகம் வந்துவிடும். சொந்தபந்தங்கள் அவருக்கு வைத்த பெயர் அப்டேட். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

இந்தக் கொள்கையைக் கடையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். ஞாயிறு வந்தால் வீட்டில் அலமாரி அலமாரியாகச் சோதனை நடக்கும். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, எதற்கென்றே தெரியாத ஒயர் எல்லாவற்றையும் கூடத்தில் குவித்து, "பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடு" என்று மனைவிக்கு உத்தரவு போடுவார். அவளும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவாள். அவர் கை வைக்காத ஒரே பழசு, பரணில் கிடந்த டிவியின் அட்டைப்பெட்டி. டிவி வந்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் பெட்டியோடு கொடுத்தால்தான் நாளைக்கு நல்ல விலை வரும் என்பது அவர் கட்சி. அதை யாரும் தொடக் கூடாது. அவரும் தொட்டதில்லை.

போன மாதம் தங்கையின் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அடுத்த தெருவில் எம்பிராய்டரி மெஷின் வைத்து, பள்ளிச் சீருடைகளுக்கு பேட்ஜ் தைத்துக் கொடுக்கிறவள் அவள். டிசைனை மெஷினுக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். புதியதில் போட்டால் அசையவே அசையாது. அண்ணன் சும்மா இருப்பாரா? செத்துப்போன கம்ப்யூட்டரை கீபோர்டோடு வாரிக்கொண்டு வந்து, வழக்கம்போல மனைவியிடம் "போட்டுடு" என்றார். பிறகு தெரிந்தவர் கடையில் புதுப்பித்த கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கித் தந்தார். புதுப்பித்தது என்றால் மேலே துடைத்தது என்று அர்த்தம். பின்பக்கம் இருந்த இரண்டு கறுப்பு யூஎஸ்பி துளைகளில் ஒன்று உடைந்து பல்லிளித்தது. மற்றதெல்லாம் நீலத் துளைகள், நவீன ரகம்.

பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, நாளைக்குக் காலைல ஸ்கூல்ல சாம்பிள் பேட்ஜ் காட்டணும். இல்லன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும். வருஷம் பூரா எனக்கு அதுதான் பொழப்பு."

"நான் இருக்கேன்ல? காபி ஆறறதுக்குள்ள முடிச்சுத் தரேன்."

பென்டிரைவைக் கறுப்புத் துளையில் செருகினார், கீபோர்டையும் மௌஸையும் நீலத் துளைகளில். திரையில் இன்ஸ்டால் பக்கம் வந்தது. ஏதோ தானே பெற்றெடுத்த மாதிரி தங்கையைத் திரும்பிப் பார்த்தார். மொழியைத் தேர்ந்தெடுத்து, அடுத்து என்று ஒரு தட்டுத் தட்ட வேண்டியதுதான். தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மௌஸை மேஜை தேயத் தேய்த்தார். அம்புக்குறி நட்ட இடத்தில் நின்றது.

விஷயம் இதுதான்: அந்தப் பழைய சிஸ்டம் பிறந்த காலத்தில் நீலத் துளையே கிடையாது. அதில் செருகிய எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் துளையில் கீபோர்டைச் செருகலாம் என்றால் பென்டிரைவைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் இன்ஸ்டால் செய்ய ஒன்றுமில்லை. ஒரு துளையை நாலாக்கும் ஹப் அவர் வீட்டில் இருந்தது. அதுவும் ஏதோ ஒரு ஞாயிற்றுச் சோதனையில் போய்ச் சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டர் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கியிருந்தன. மிச்சம் இருந்தது ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு துளை. பழங்காலத்து வட்டப் பின் கீபோர்டு மட்டுமே அதில் நுழையும்.

"என் பழைய கீபோர்டு அதுதானே அண்ணா?" என்றாள் தங்கை.

அவர் காபியைக் குடித்தார். அது எப்போதோ ஆறியிருந்தது.

தங்கை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். "நீ எனக்கு ஒண்ணும் வாங்கித் தர வேணாம். எதையும் தூக்கிப் போடாம இருந்திருந்தாலே போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எம்பிராய்டரி மெஷின் மேல் உறையைப் போட்டு மூடினாள். கடையில் எத்தனையோ பேரின் பழைய சாமானைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய மனிதருக்கு அன்றைக்குத்தான் வெட்கமாக இருந்தது. வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டார்.

"அந்த கீபோர்ட பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டியா?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"திரும்ப வாங்க முடியுமான்னு கேக்கறேன்."

"வீட்டுக்கு வாங்க. ஏணிய நீங்கதான் பிடிக்கணும்."

ஏணியை அவர் பிடித்தார். அவள் பரணில் ஏறி, யாரும் தொடக் கூடாத அந்த டிவி பெட்டியைத் திறந்தாள். முதலில் அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி வந்தது. பிறகு மிக்ஸி மூடி, ரிமோட், நாலு துளை ஹப், ஒயர், ஒயர், இன்னும் ஒயர். எல்லாவற்றுக்கும் அடியில், துணி சுற்றி, வட்டப் பின்னோடு கீபோர்டு.

"இதையெல்லாம் போடச் சொன்னேனேடி!"

"சொன்னீங்க. வீட்டுல நீங்க எட்டிப் பாக்காத எடம் இது ஒண்ணுதான். வேற எங்க போடறது?"

அவர் ஹப்பையும் கீபோர்டையும் இடுக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஊதாத் துளையில் வட்டப் பின் நுழைந்ததும் அம்புக்குறிக்குப் பதில் கீபோர்டே எல்லா வேலையும் பார்த்தது. சாயங்காலம் தங்கை மெஷினின் உறையை எடுத்தாள். ஊசி கடகடவென்று இறங்கி ஏறி, ஒரு பேட்ஜ் முழுசாக வந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணனுக்கு இன்னொரு காபி போட்டாள். அவர் சூடாகக் குடித்தார். ஆர்டர் மறுநாள் அவளுக்கே வந்தது.

அதே நாளில் கடையில் ஒருவர் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். "இன்னுமா சார் இத வச்சிருக்கீங்க?" என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்த அப்டேட், பின்பக்கம் தொங்கிய வட்டப் பின்னைக் கண்டதும் நிறுத்தினார். சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கீபோர்ட மட்டும் வீட்டுலயே வச்சுக்கங்க சார்." வந்தவர் தனக்கு அது வேண்டாம் என்றார். வேண்டாதவர்கள் அந்த வாரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

தினமும் பையில் ஏதோ ஒன்று வீட்டுக்கு வந்தது. மனைவி வாங்கி வாங்கிப் பரணில் அந்த டிவி பெட்டிக்குள் வைத்தாள். சனிக்கிழமை அவர் கொண்டுவந்த கீபோர்டைக் கையில் வாங்காமல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பெட்டி நெறஞ்சுபோச்சுங்க. இனிமே வைக்கணும்னா நீங்க புதுசா ஒரு டிவி வாங்கினாத்தான் உண்டு."