பொய்லர் அலுமாரிக்குள் விசில்

போனை எடுத்ததும் முதலில் கேட்டது ஒரு விசில். மெல்லியது, பல்லிடுக்கில் ஊதுவது போல. அதன் பிறகுதான் ஆள் பேசினார்.

"தங்கச்சி, அலுமாரிக்குள்ள ஆரோ மூச்சு விடுற மாதிரிக் கிடக்கு."

ரஞ்சி அக்கா. வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான சாமான் விற்கும் எங்கள் இல்ஃபோர்ட் கடையின் புது வாடிக்கையாளர். வேதியியல் பட்டத்தோடு நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம் அது. ஈஸ்ட் ஸ்டார்ட்டர் போடுவது எப்படி என்று முதலாளி குகன் அண்ணை முந்தைய நாள் அவருக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். மால்ட் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறிய பின் கண்ணாடிக் குடுவையில் ஈஸ்ட்டைக் கலக்க வேண்டும். அது பெருகியதும் பியர் காய்ச்சும் பெரிய வாளியில் ஊற்றலாம்.

"குடுவைய என்னண்டு மூடினீங்கள், அக்கா?"

"அண்ணை நல்லா மூடச் சொன்னவர். ரப்பர் அடைப்பை இறுக்கி, மேல டேப்பும் சுத்தினனான். சூடு நல்லதெண்டு, வீட்டைச் சூடாக்கிற பொய்லர் இருக்கிற அலுமாரிக்குள்ள வைச்சனான்."

ஈஸ்ட் பெருகும்போது வாயு விடும். வாயு போக வழி வேண்டும். அந்த விசில் வந்த இடுக்கு ஒன்றுதான் அதற்கு மிச்சம்.

"அந்த அறையில ஆரும் இருக்கினமோ?"

"சின்னவன் கட்டிலில நித்திரை."

அப்போது விசில் நின்றது. அந்த இடுக்கும் அடைபட்டுவிட்டது.

"ஆ, நிண்டிட்டுது. இனிப் பயமில்லை. திறந்து பாக்கிறன்."

"தொடாதேங்கோ! பிள்ளையத் தூக்கிக்கொண்டு வெளியில போங்கோ. கதவைச் சாத்துங்கோ. இப்பவே!"

"என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரிக் கத்துறாய்..."

போன் எதன் மேலோ விழுந்தது.

பிறகு ஒன்றுமில்லை. அவர் வாசலுக்குப் போனாரா, அலுமாரிக்குப் போனாரா? தரையில் கம்பளம் போலும், காலடி கேட்கவில்லை. நான் அந்த அறையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பொய்லர் 'டிக்' என்று பற்றி, தாழ்வாக உறுமியது. பட்டப்பகல்; கடைக்கு முன்னால் பஸ் போகிறது. ஆனாலும் அந்த அறையும் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. "அக்கா" என்றேன்.

'தொப்'. பெரிய சத்தம்கூட இல்லை. பின் கண்ணாடித் துண்டுகள் ஒன்றொன்றாக, அவசரமில்லாமல் விழுந்தன. பொய்லர் அணைந்தது.

பிறகு எங்கோ, கதவுக்கு அந்தப் பக்கம், பிள்ளை அழுதது. கூடவே ரஞ்சி அக்காவின் குரல்: "ஓமடா, ஓமடா, அம்மா இருக்கிறன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் குகன் அண்ணை முகம் வெளுத்து நின்றார்.

"மூடத்தானே சொன்னனான். சட்டிய மூடுறமெல்லே, அப்பிடி."

"சோடாப் போத்தலையும் மூடுறதெண்டுதானே சொல்லுறம், அண்ணை."

சனிக்கிழமை ரஞ்சி அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கே வந்தார். கேட்டது புதுக் குடுவை! நான் அதன் வாயில் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டுக் காட்டினேன். தூசு உள்ளே போகாது, வாயு வெளியே வரும். அறைச் சூடே போதும், பொய்லர் வேண்டாம்.

அவர் தாளை விரலால் தூக்கிப் பார்த்தார். "அட, இது மூடியில்லை. முக்காடு."

கடையில் இன்று அதுதான் சொல். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: ஸ்டார்ட்டரை மூடச் சொல்லாதீர்கள். முக்காடு போடச் சொல்லுங்கள்.