ஏழாம் நம்பர் கறுப்பு

“அசையாத. காதுக்குப் பின்னாடி ரெண்டு முடி தப்பிச்சுருச்சு” என்று சொல்லிக்கொண்டே கலர் அக்கா பழைய டூத் பிரஷ்ஷால் என் பிடரியில் ஒரு கோடு இழுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, எங்கள் கட்டடத்து மொட்டை மாடி. அவர் தலைக்கு ஏற்கெனவே பூசியாகிவிட்டது. மளிகைச் சாமான் வந்த பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்து, துணி காயப்போடும் கிளிப் இரண்டைக் குத்தியிருக்கிறார். வீட்டுக்காரரின் கிழிந்த சட்டையைப் பின்பக்கம் பட்டன் வரும்படி திருப்பி மாட்டியிருக்கிறார். இந்தக் கோலத்தில் கீழே காய்கறி வண்டிக்காரரிடம் வெண்டைக்காய் முற்றல் என்று சண்டையும் போடுவார். கூச்சம் என்பது அவருக்குக் கிடையாது.

இருபத்தொரு வருடமாக அவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். சுவரிலிருந்து பெயர்ந்த நகக்கண் அளவு சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். கட்டைவிரலால் தேய்த்து, கண்ணைச் சுருக்கி, “இது வெள்ளை இல்லங்க. வெள்ளையில ரெண்டு சொட்டு மஞ்சக்காவி, அரைச் சொட்டு கறுப்பு” என்பார். சொட்டு எண்ணி ஊற்றும் மெஷின் ஒன்று கடையில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் மெஷின் கலந்ததை அட்டையில் தடவி, அக்கா வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டினால்தான் டப்பாவுக்கு மூடி விழும். “உள்ள இருக்குற லைட்டு பொய் சொல்லும். வெளியில எடுத்துட்டுப் போய்ப் பாருங்க” என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது சொல்லுவார்.

அந்தத் தொழிலை அப்படியே தலைக்கும் கொண்டுவந்துவிட்டார். கடையில் கிடைப்பதிலேயே மலிவான டை பாக்கெட்டில் கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று. பாக்கெட்டைப் பிரித்து முழுசாகக் கொட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பொடியாகவே ஸ்பூனால் அளந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மடித்து ரப்பர் பேண்டு போட்டு டப்பாவில் வைத்துவிடுவார். “தண்ணி பட்டா முடிஞ்சுது கதை. பொடியா இருக்குற வரைக்கும் அது நம்ம சொத்து.” முழுத் தலைக்கும் பூசமாட்டார், புதிதாக வளர்ந்த வேருக்கு மட்டும்தான். நெற்றியோரம் முழுக்கத் தேங்காய் எண்ணெய். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஜன்னல் சட்டத்தில் டேப் ஒட்டுவார்களே, அதுதான் இது. முதல்முறை பூசிக்கொள்கிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் காத்திருக்கச் சொல்லுவார். அரித்தால் அந்தத் தலைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் மாடியில் இப்போது அவருக்கு நாலு தலைகள். சலூனில் ஒரு தலைக்கு ஆகும் செலவில் நாங்கள் நாலு பேரும் ஆறு மாதம் ஓட்டுகிறோம்.

அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், சாது. தலையில் பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. அவருக்கும் பூசிவிடுவீர்களா என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். “கலர் அடிக்கச் சுவர் வேணாமா?” என்றார் அக்கா. மனுஷர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்தார், துடைத்தார், அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தவர் போன வருடம் வரைக்கும் தன் தலையில் ஒரு சொட்டு டை வைத்ததில்லை என்றால் நம்புவீர்களா? முன்வகிடு முழுக்க வெள்ளை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. சுவரைப் பார்க்க வருகிறவன் என் தலையை எதுக்குப் பார்க்கிறான் என்பார். அப்புறம்தான் ஒருத்தர் பார்த்தார்.

கடையின் பெரிய முதலாளி முட்டிவலி வந்து வீட்டோடு இருந்துவிட, அவர் மாப்பிள்ளை கடையை எடுத்துக்கொண்டார். முதல் வேலையாகக் கண்ணாடிக் கதவு போட்டார், கூரை முழுக்க மஞ்சள் விளக்கு பதித்தார். இரண்டாவது வேலையாக அக்காவைக் கூப்பிட்டார்.

“அக்கா, நீங்க பின்னாடி குடோனைப் பாத்துக்கங்க. முன்னாடி கொஞ்சம் ஃப்ரெஷ்ஷான முகமா இருக்கட்டும்.”

சொல்லும்போது அவர் கண் அக்காவின் முகத்தில் இல்லையாம், வகிட்டில் இருந்ததாம். மறுநாளே ஒரு புதுப்பெண் மெஷினுக்கு முன்னால் நின்றாள். அக்கா உட்காரும் மர ஸ்டூலும் குடோனுக்குப் போனது.

அன்று சாயங்காலம் என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தவர், நான் கொடுத்த டீயை ஆற விட்டார். குடோனுக்கு ஏற்கெனவே ஓர் ஆள் உண்டு என்பது எனக்குத் தெரியும். “ரெண்டு மாசம் பாப்பாங்க. அப்புறம் அங்க ரெண்டு ஆளு எதுக்குன்னு கேப்பாங்க. அந்த ரெண்டுல யாரு போவாங்கன்னு எனக்குத் தெரியாதா?” என்றார். நான் பொதுவாகவே சட்டென்று கொதிக்கிறவள். அந்த மாப்பிள்ளையை நாலு கேள்வி கேட்கிறேன் என்று எழுந்தேன். உட்காரு என்றார். வேலை போவதுகூட அப்புறம். ஒரே ஒரு டியூப்லைட் எரியும் அறையில் மூடி எண்ணிக்கொண்டிருந்தால் கண் நிறத்தை மறந்துவிடும் என்பதுதான் அவர் பயம். கடைசியில், ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “வகிடுதான பிரச்சினை? பாத்துக்கலாம்” என்று எழுந்து போனார்.

போனவர் கறுப்பு பாக்கெட் ஒன்றை வாங்கி, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ராத்திரிக்குள் முழுத் தலைக்கும் பூசி முடித்துவிட்டார். அங்கே எரிவது மஞ்சள் பல்பு. கண்ணாடியில் பார்த்திருக்கிறார், பிரமாதமாக இருந்திருக்கிறது. வீட்டுக்காரரும் பிரமாதம் என்றிருக்கிறார், ஆனால் அவர் எதைக் காட்டினாலும் பிரமாதம் என்பார்.

காலையில் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்ற அக்காவைப் பார்த்தேன். தலை நீலம். பூட்ஸுக்குப் போடும் பாலிஷ் இருக்கிறதே, அந்த நிறம். நெற்றியோரம் வேறு ஒரு விரல் அகலத்துக்குக் கரை கட்டியிருந்தது. நான் பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வெயிலுக்குத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இருபது வருஷமா ஊருக்கெல்லாம் சொல்றேன். என் தலைய நான் வெளியில எடுத்துட்டு வந்து பாக்கல பாரு.”

அழுவார் என்று நினைத்தேன். இல்லை. அவருக்கு வந்தது வெட்கம்கூட இல்லை, தொழில்காரருக்கு வரும் கோபம். அன்றைக்குக் கடையில் மாப்பிள்ளை முதலாளி, “என்னக்கா, குடோன்ல பெயிண்ட் கொட்டிருச்சா?” என்று கேட்டு, எல்லோரையும் சிரிக்கவும் வைத்தாராம். அடுத்த மூன்று வாரம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

அந்த மூன்று வாரம் அவர் செய்த காரியத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் முடி மொத்தமும் நீலமாகிவிட்டதால், என் வீட்டுச் சீப்பிலிருந்து என் நரைமுடியைச் சேகரிக்க ஆரம்பித்தார். எனக்கு அவ்வளவு நரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சின்னச் சின்னக் கற்றையாக நூல் கட்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கலவையில் முக்கினார். மூணு ஸ்பூன் பழுப்புக்கு ஒரு ஸ்பூன் கறுப்பு, இருபது நிமிஷம். அதே கலவை, முப்பது நிமிஷம். ரெண்டுக்கு ஒண்ணு. கழுவிக் காயவைத்து, பிஸ்கட் டப்பாவின் அட்டையில் வரிசையாக டேப் போட்டு ஒட்டினார். கடையில் நிறங்களுக்குப் பெயர் வைப்பது போல இதற்கும் வைத்தார். முதல் நம்பர் ‘பூட்ஸ்’. மூன்றாம் நம்பர் ‘மாமனார் மீசை’. ஐந்தாம் நம்பர் ‘துரு’. ஆறாம் நம்பருக்கு ‘பரவாயில்ல, ஆனா பொய்’ என்று எழுதியிருந்தார்.

அட்டையைத் தூக்கிக்கொண்டு காலையில் மாடிக்குப் போவார், உச்சி வெயிலில் ஒருமுறை என்னைப் பார்க்கச் சொல்லுவார், சாயங்காலம் மறுபடி. ஒவ்வொரு கற்றையையும் ஷாம்பூ போட்டு ஐந்து முறை கழுவி, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்தார். சுவராக இருந்தால் மழை பார்க்கவேண்டாமா என்றார். ஒரு புதன்கிழமை காலை என் கதவைத் தட்டி அட்டையை நீட்டினார். ஏழாம் நம்பர். கறுப்புதான், ஆனால் வெயிலில் பிடித்தால் உள்ளேயிருந்து பழுப்பு மெதுவாக எழுந்து வருகிறது. பேர் வைக்கவில்லையா என்று கேட்டேன். “இதுக்கு எதுக்கு? இது முடி மாதிரியே இருக்கு” என்றார்.

அந்த ஞாயிறு தலையை ஒட்ட வெட்டி நீலத்தையெல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சிய முடிக்கு மாடி வெளிச்சத்தில் ஏழாம் நம்பரைப் பூசினோம். பின்னந்தலை என் பொறுப்பு. நெற்றிப் பக்கம் நாலைந்து இழையை வேண்டுமென்றே வெள்ளையாக விட்டார். சுத்தமாக அடித்த சுவர்தான் புதுசு என்று காட்டிக்கொடுக்குமாம். கழுவித் துவட்டிவிட்டு வெயிலில் நிமிர்ந்து நின்றார் பாருங்கள், எனக்கே என் கண்ணை நம்ப முடியவில்லை. நான் விசிலடித்தேன். ஐம்பத்திரண்டு வயசுப் பெண்மணி மாடியில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

மறுநாள் துணியை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார். மாப்பிள்ளை முதலாளி பார்த்தாராம், பில் புத்தகத்துக்குத் திரும்பிக்கொண்டாராம். குடோன் குடோனாகவே இருந்தது. அந்த வார சனிக்கிழமை என் சமையலறை அலமாரிக்குப் பெயிண்ட் வாங்கும் சாக்கில் நானே கடைக்குப் போனேன். அந்த மனுஷரை ஒருமுறை முறைத்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் நிஜக் காரணம்.

கவுண்டரில் ஒரு பல் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். புதிதாக மூன்று மாடியில் ஆஸ்பத்திரி கட்டுகிறாராம். கதவு, அலமாரி, கைப்பிடி எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் வேண்டும். கறுப்பாகவும் இருக்கவேண்டும், வருகிறவர்களைப் பயமுறுத்தவும் கூடாது. நிற அட்டைப் புத்தகம் மூன்றைப் புரட்டியாகிவிட்டது. புதுப்பெண் பாவம், மெஷினில் ஆறு மாதிரி அடித்துக் காட்டிவிட்டுக் களைத்துப்போயிருந்தாள். மாப்பிள்ளை முதலாளிக்கு வியர்த்திருந்தது. அந்த நேரம் பார்த்து, கையில் ஒரு டப்பாவோடு அக்கா குடோனிலிருந்து வந்தார்.

டாக்டரம்மா புத்தகத்தை மூடினார். “இதுதாங்க” என்றார்.

எது என்று மாப்பிள்ளை முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அந்த அம்மாவோட தலைமுடி. அந்த நிறம்தான் வேணும்.”

எனக்கு அங்கேயே கைதட்டவேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். அக்கா அசரவில்லை. டப்பாவைக் கீழே வைத்து, தோளில் தொங்கிய கைப்பையிலிருந்து பிஸ்கட் அட்டையை எடுத்து, ஏழாம் நம்பரைக் காட்டினார். புதுப்பெண் அந்தக் கற்றையை, நிறத்தைப் படித்துச் சொல்லும் மெஷினின் கண்ணுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். முடி சுவர் மாதிரி தட்டையாக இருக்கிறதா என்ன? முதலில் சாம்பல் என்றது, அப்புறம் கத்தரிப்பூ என்றது. கடையில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை முதலாளியும்தான்.

“நான் கலந்து தர்றேன் தம்பி. ஆனா குடோன்ல கலக்க முடியாது. இங்க நின்னுதான் கலப்பேன். நின்னா கால் வலிக்கும்.”

அப்புறம் மாப்பிள்ளை முதலாளியே உள்ளே போய், மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டருக்குப் பின்னால் போட்டார். புதுப்பெண் சந்தோஷமாக நகர்ந்து இடம் விட்டாள்.

அக்கா உட்கார்ந்தார். கறுப்பை ஊற்றினார். காவி சொட்டுச் சொட்டாக, மஞ்சக்காவி அதில் பாதி, கடைசியில் பச்சை ஒரே ஒரு சொட்டு. பச்சை எதுக்கு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, சிவப்பு வாலாட்டாமல் இருக்க என்றார். கலக்கி, அட்டையில் தடவி, காற்றில் ஆட்டிக் காயவைத்து நீட்டினார். டாக்டரம்மா பார்த்தார், அக்காவின் தலையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். “அப்படியே இருக்கு. மூணு மாடிக்கும் இதையே போட்டுருங்க” என்றார்.

மாப்பிள்ளை முதலாளி பெருமூச்சு விட்டு மூடியைக் கையில் எடுத்தார். “நாளையிலேருந்து நீங்க இங்கயே இருங்கக்கா” என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

“அது சரி தம்பி. மூடிய கீழ வைங்க. இன்னும் வேலை முடியல.”

அக்கா ஸ்டூலை விட்டு இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். டாக்டரம்மா பின்னால் போனார், அவருக்குப் பின்னால் நான், புதுப்பெண், கடைசியாக மாப்பிள்ளை முதலாளி. உச்சி வெயில் தெருவெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அட்டையை மாப்பிள்ளை முதலாளியின் கையில் கொடுத்தார். நடைபாதை நடுவில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, ஒட்ட வெட்டிய முடியை உள்ளங்கையால் தடவிவிட்டு, அவர் வைத்துப் பார்ப்பதற்கு வசதியாகத் தலையைச் சற்றுச் சாய்த்தார்.